இரண்டாம் வெயில்

கண்ணாடிக்காரரின் தொப்பை அந்தத் தெருவுக்கே தெரிந்த தொப்பை. கடை வாசலில் முதலில் அதுதான் வரும், பின்னால்தான் அவர் வருவார். ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கும்போது அதைத் தொப்பையில் முட்டுக் கொடுத்துத்தான் தூக்குவார். "சம்பளம் கேக்காத வேலைக்காரன் இவன் ஒருத்தன்தான்" என்று தட்டிக் காட்டுவார். கல்யாணமான புதிதில் இல்லாத தொப்பை அது. பெண்டாட்டி சமைத்துப் போட்டு வளர்த்தது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அப்படிப்பட்ட தொப்பையை ஒரு மனிதர் யாரோ ஒருத்திக்காக எக்கிக்கொண்டு நின்றார் என்றால் எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? கண்ணாடிக்காரம்மா பொறுக்கவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தது பக்கத்து வீட்டு அம்மா. அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது யாரோ தெரியாது, மகராசனாக இருக்கட்டும், பொருத்தமாக வைத்தான். கண்ணாடிக்காரம்மா அடுப்பில் முட்டையை வேகப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேரம். ரேடியோ கதவைத் தட்டாமலே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன் தம்பி எடுத்த போட்டோவை நூலகத்துல மாட்டியிருக்காங்களாமே. போய்ப் பாத்தியா?"

"எங்க போறது. அவன் எடுக்குறது பூரா கருப்பு வெள்ளை. செவுரு, சந்து, சாக்கடை. அதைத்தான் நான் தினம் நேர்லயே பாக்குறேனே."

"இல்லம்மா, இதுல ஆளு இருக்கு."

"யாரு?"

"நான் சொல்ல மாட்டேன்ப்பா. நாளைக்கு ரேடியோதான் சொன்னான்னு என் தலையை உருட்டுவீங்க. நிழலாத்தான் தெரியுது. ஆனா அந்தக் காதும், காதுல சொருகின பென்சிலும்... இந்தத் தெருவுல வேற யாருக்கு இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரா? இருக்கட்டுமே."

"இருக்கட்டும்தான். கூட ஒருத்தி இருக்காளே." ரேடியோ குரலைத் தணித்தாள். தணித்தால்தான் அவள் குரல் அதிக தூரம் போகும். "போட்டோவுக்குக் கீழ பேரு வேற எழுதியிருக்கான் உன் தம்பி. 'இரண்டாம் வெயில்'னு. இரண்டாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதும்மா. நான் படிக்காதவ."

முட்டை வெந்து, தண்ணீர் வற்றி, பாத்திரத்தின் அடி கருகும் வரை கண்ணாடிக்காரம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை.

தம்பிக்குப் பிழைப்பு ஒரு ஸ்டுடியோவில். அங்கே வருகிறவர்களை உட்காரவைத்து, காது தெரிய, பல் தெரியாமல் எடுத்துக் கொடுப்பான். லீவு நாட்களில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைவான். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். அவன் ஃபிலிம் கழுவுகிற நாளில் வீட்டில் யாரும் குளிக்க முடியாது. ஜன்னலுக்குக் கருப்புக் காகிதம் ஒட்டி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். "லைட்டைப் போட்டுறாதீங்க, லைட்டைப் போட்டுறாதீங்க" என்று சத்தம் மட்டும் வரும். "குளிக்கிற அறையில இருட்டுல உக்காந்து வெளிச்சத்தைக் கழுவுறான்டி உன் தம்பி" என்று கண்ணாடிக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது நினைவுக்கு வந்து கண்ணாடிக்காரம்மாவுக்கு எரிந்தது.

நூலகத்துக்கு நடந்தே போனாள். வாசிப்பு அறைக்குப் பக்கத்துக் கூடத்தில் வரிசையாகப் படங்கள். தேட வேண்டியதே இல்லை. எந்தப் படத்துக்கு முன்னால் கூட்டம் நிற்கிறதோ அதுதான்.

நல்ல பெரிய படம். முக்கால்வாசி கருப்பு. கடைக்கு எதிரே இருக்கும் கிடங்கின் நெடுஞ்சுவர் என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அந்தக் கருப்புக்கு நடுவில், கதவைத் திறந்து வைத்ததுபோல ஒரு கட்டம் வெளிச்சம். வெளிச்சத்துக்குள் இரண்டு நிழல். ஒன்று ஆண். முறம் மாதிரி காது, காதில் பென்சில், இரண்டு கையையும் அகல விரித்து அணைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த அணைப்புக்குள் இன்னொன்று. பெண். கழுத்தில் தாழ்ந்து கிடக்கிற கொண்டை. ஒரு கையைத் தூக்கி அவன் கன்னத்தில் வைத்திருக்கிறாள். தலையைச் சாய்த்து அவன் தோளில் போட்டிருக்கிறாள். மணிக்கட்டில் தடிமனாக ஒரு வளையல். இடுப்பு என்றால் இடுப்பு, ஒரு பிடிக்குள் அடங்கும். அவனும் சளைத்தவன் இல்லை. இருபது வயசுப் பையன் மாதிரி, வயிறு இருந்த இடம் தெரியாமல் நிற்கிறான்.

கண்ணாடிக்காரம்மா அந்த வளையலைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு வலித்தது அந்தச் சாய்ந்த தலைதான். எத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டும் அவள் அப்படி அவர் தோளில் சாய்ந்ததில்லை. சாய நேரம் இருந்ததில்லை. இவள் யாரோ, எவ்வளவு சுளுவாகச் சாய்ந்திருக்கிறாள்!

பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

கடையில் கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். மேசையில் கம்பளி விரித்து, அதன்மேல் கண்ணாடியைப் போட்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து, மண்ணெண்ணெயில் நனைத்த கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். கிர்ர் என்று ஒரு சத்தம். பாதியில் நிறுத்தினால் கண்ணாடி சொன்னபடி கேட்காது. அதனால் கோடு முடிகிற வரை மூச்சு விடமாட்டார், யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அன்றைக்கும் திரும்பவில்லை. கோடு போட்டு, ஓரத்தைத் தட்டி, மேசை விளிம்பில் வைத்து டக்கென்று ஒடித்து, துண்டைச் சுவரில் சாத்தின பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்ன, இந்த நேரத்துல? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"நூலகத்துக்குப் போயிட்டு வர்றேன்."

"ஓ, மச்சான் படம் பாத்தியா? நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

"நல்லாத்தான் இருக்கு. அதுல இருக்கிற ஆளு யாரு?"

"நான்தான்."

மறுப்பார் என்று நினைத்து, மறுத்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுக அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அத்தனையும் வீணாய்ப் போயிற்று.

"அப்ப அவ யாரு?"

"எவ?"

"எவளா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. உங்க கைக்குள்ள நிக்குறாளே, அவ."

கண்ணாடிக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் தலையைச் சொறிந்தார். "என் கைக்குள்ள கண்ணாடிதான் இருந்துச்சு. பீரோவுக்குன்னு ஆளு உயரத்துக்கு ஒருத்தர் கேட்டாரே, அதை வாசல்ல சாத்தி, அடியில கட்டை கொடுத்துக்கிட்டு இருந்தேன். பொம்பளையை நான் பாக்கவே இல்ல."

"பாக்காமலேதான் கட்டிப்பிடிச்சீங்களா?"

"சத்தியமா ஆளு நான்தான். ஆனா பொம்பளை கிடையாது."

இந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. பொய் சொல்லத் தெரியாதவர் பாதியை ஒப்புக்கொண்டால் மீதியும் உண்மைதான் என்று எவருக்கும் தோன்றும்.

"சரி. நான் எங்க பெரியக்கா வீட்டுக்குப் போறேன். அந்த வளையல்காரியைக் கூட்டிட்டு வந்து சமைக்கச் சொல்லுங்க. இந்த இடுப்புக்கு அவளே ஒண்ணும் சாப்பிட மாட்டா, உங்களுக்கு எங்க ஆக்கிப் போடப் போறா!"

சாயங்காலம் தம்பி வேலையிலிருந்து வந்தபோது கட்டில்மேல் துணிப்பை ஒன்று பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்காவின் பெட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமா ஒரு மூலையில் ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தம்பிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அக்கா, அது கண்ணாடி வெயில்க்கா. அந்தச் செவுத்துல காலைல வெயிலே விழாது, உனக்கே தெரியும். கிடங்குக்குப் பக்கத்துச் சந்து வழியா வெயில் வந்து நம்ம கடை வாசல்ல விழும். மாமா சாத்தி வெச்ச கண்ணாடியில பட்டு, திரும்பி எதிர்ச் செவுத்துக்கு அடிச்சுது. முதல் வெயில் கடைக்கு, ரெண்டாம் வெயில் செவுத்துக்கு. அதான் அந்தப் பேரு வெச்சேன்."

"வெயில் எங்கேருந்து வந்தா எனக்கென்ன? பொம்பளை எங்கேருந்து வந்தா?"

"யாரோ குறுக்க நடந்திருக்காங்க. மாமா கண்ணாடிக்கு முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு நிக்குறாரு, அவர் நிழல் போய் விழுது. நடுவுல தெருவுல போறவங்க நிழலும் அதே கட்டத்துல விழுது. ரெண்டும் ஒட்டிக்கிச்சு. நடுவுல தெருவே கிடக்கு."

"யாரோன்னா யாரு? கேமரா பிடிச்சவன் நீ. உனக்குத் தெரியாதா?"

"நான் செவுத்தைத்தான் பாத்தேன். செவுத்தோரமா ஒண்டிக்கிட்டு, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை கேமராவுல வெச்சிருந்தேன். வெளிச்சத்துக்கு அளவு வெச்சதால மத்ததெல்லாம் கருப்பாப் போச்சு. ஒரு தடவை அமுக்கினேன், அதோட ரோல் முடிஞ்சுபோச்சு. வேற ரோல் மாட்டி நிமிர்றதுக்குள்ள ஆளு இல்ல."

"நல்லா இருக்குடா நியாயம். கட்டினவருக்கும் அவ யாருன்னு தெரியாது, படம் எடுத்தவனுக்கும் தெரியாது. பாத்துட்டு வந்த நான்தான் பைத்தியக்காரி."

தம்பி படத்தின் சின்னப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து விளக்கடியில் காட்டினான். "இங்க பாரு. பொம்பளை நிழலோட ஓரம் கத்தி மாதிரி இருக்கு. மாமா நிழலோட ஓரம் மசமசன்னு இருக்கு. செவுத்துக்குப் பக்கத்துல நின்னா நிழல் கூரா விழும். தள்ளி நின்னா மங்கும். ரெண்டு பேரும் சேர்ந்து நின்னிருந்தா ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

கண்ணாடிக்காரம்மா உற்றுப் பார்த்தாள். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"மங்கலா இருக்கா? ஆசையில உடம்பு நடுங்கியிருக்கும்."

மூலையிலிருந்து கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்க" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசியில் தம்பி கெஞ்சினான். "அக்கா, நாளுக்கு நாள் வெயில் கொஞ்சம் கொஞ்சமா நகரும், அப்புறம் போன வழியே திரும்பி வரும். போன தடவை நான் எடுத்தப்ப சந்துல எப்படி வெயில் இறங்கிச்சோ, அதே மாதிரி இந்த வாரம் மறுபடி இறங்கும். அதே இடத்துல கண்ணாடி வெச்சு, மாமாவை நிக்க வெச்சு, உன் கண்ணு முன்னாடியே காட்டுறேன். பாத்துட்டு நீ எங்க வேணும்னாலும் போ. நானே பெட்டியைத் தூக்கிட்டு வர்றேன்."

அவள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதும் வானம் மூடிக்கொண்டது.

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஈரத் துணியைப் போட்டு மூடியதுபோல ஊர் மங்கிக் கிடந்தது. காயப்போட்ட துணி காயவில்லை. ரொட்டி நமுத்துப் போயிற்று. அவள் பெட்டியைத் திறக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. தினமும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். காலையில் அவள் கடைக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பை ஆணியில் தொங்கியது. பழைய துணிப்பை, ஒரு பக்கப் பிடி அறுந்து, தடியாக முடிச்சுப் போட்டிருந்தாள். கண்ணாடிக்காரர் கடைக்குப் பக்கத்தில் விற்ற பன்னைத் தின்றுவிட்டு வேலை பார்த்தார். ராத்திரி இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் பார்த்துப் படுத்தார்கள், ஆளுக்கொரு சுவர்.

தெருவில் போகிற பெண்களையெல்லாம் அவள் அளந்தாள். முகத்தை இல்லை, இடுப்பை. கொண்டை தாழ்ந்திருந்தால் நின்று பார்த்தாள். நிழலோடு ஒத்துப் பார்க்கலாம் என்றால் வெயில் இல்லாத ஊரில் யாருக்கு நிழல் இருக்கிறது? கடைசியில் அவள் சந்தேகம் தையல்காரம்மாமேல் போய் நின்றது. கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடை. ஒல்லி. தனி ஆள். இதைவிட என்ன வேண்டும்? ரேடியோவும் அந்தப் பெயரைச் சொல்லாமல் சொல்லியிருந்தாள்.

கிழியாத துணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவிடம் போனாள். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கக்கா கிழிஞ்சிருக்கு?"

"உள்பக்கம்."

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள். "அக்கா, உங்களுக்குக் கிழிஞ்சது துணி இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் அந்தப் படத்தைப் பாத்தேன். நான் இல்ல. என் கையைப் பாருங்க, தைக்கும்போது இடிக்கும்னு வளையலே போடுறதில்ல. ஆனா இதை எத்தனை பேர்கிட்ட போய்ச் சொல்றது? நேத்து ஒருத்தி கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா."

தான் வேகிற சூட்டில் பக்கத்து வீடும் பற்றிக்கொள்கிறது என்று கண்ணாடிக்காரம்மா யோசித்திருக்கவில்லை. துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"வெயில் வந்தா தம்பி ஏதோ செஞ்சு காட்டுறேன்னு சொல்றான். நீயும் வந்து நில்லும்மா. உன் பேருக்காகவாவது."

"வர்றேன்க்கா. எனக்கும் வெயில் வேணும்."

ஒரு காலையில் கண்ணைத் திறந்தபோது கதவிடுக்கு வழியாகத் தரையில் மஞ்சளாகக் கோடு விழுந்திருந்தது. தம்பி மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினான். "அக்கா, வந்துருச்சு!" கடையில் கண்ணாடிக்காரர் அதற்குள் கையுறை போட்டு, இருப்பதிலேயே பெரிய கண்ணாடியை முதுகு பிடிக்கப் பிடிக்க வாசலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். சந்துக்குள்ளிருந்து வெயில் பட்டை பட்டையாக வந்தது. கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து நிறுத்தியதுதான் தாமதம், எதிர்ச்சுவரில் கதவு திறந்ததுபோலக் கட்டம் விழுந்தது. அவர் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டத்துக்குள் காதும் பென்சிலும் கையுமாக அவர் நிழல் வந்து நின்றது. தொப்பையோடுதான் நின்றது.

"பாத்தியா!" என்று கண்ணாடிக்காரம்மா கடைவாசலிலிருந்து சொன்னாள். "இங்க தொப்பை தெரியுது. அங்க தெரியலயே?"

தம்பி சுவரோரமாகத் தள்ளிப் போய், சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கேமராவில் பார்த்தான். "இங்கேருந்து பாத்தா தெரியலக்கா! சாய்வா நின்னு பாக்குறதால எல்லாம் ஒடுங்கிப் போகுது. தையல்காரக்கா, நீங்க சந்திலேருந்து மெதுவா நடந்து வாங்க."

தையல்காரம்மா நடந்து வந்தாள். அவள் நிழல் கட்டத்துக்குள் நுழைந்தது, கண்ணாடிக்காரரின் கைகளுக்குள் போயிற்று. அவரோ தெருவுக்கு இந்தப் பக்கம். அவளோ அந்தப் பக்கம். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம். கண்ணாடிக்காரம்மா தெருவின் அகலத்தைக் கண்ணால் அளந்தாள். தெரு நடுவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தம்பி கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் முனகினான்.

"சரியா வரலையே."

"என்ன சரியா வரல?" என்று அவள் திடுக்கிட்டாள்.

"இவங்க ரொம்ப ஒல்லியா விழுறாங்க. குடைக்கம்பி மாதிரி இருக்காங்க. படத்துல இருக்கிறவ இப்படி இல்ல. இந்தச் சாய்வுல அந்த அளவுக்கு இடுப்பு தெரியணும்னா..." அவன் தயங்கினான். "நெசத்துல அவங்க நல்லா... கொஞ்சம் பூசின உடம்பா இருந்திருக்கணும்."

தையல்காரம்மா கீழே பார்த்தாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியை விடாமல் தலையை மட்டும் திருப்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான்.

"எல்லாரும் எதுக்கு என்னையே பாக்குறீங்க?"

"அக்கா, தினம் காலைல மாமாவுக்குச் சாப்பாடு எந்த வழியாக் கொண்டு வருவே?"

"வேற எந்த வழி? சந்து வழியாத்தான்."

"எந்த நேரத்துக்கு?"

"இதோ, இந்த நேரத்துக்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள். வெறும்பை சரியாக இருக்காது என்று தோன்றியது. கிடைத்த ரொட்டியை டப்பாவில் அடைத்து உள்ளே வைத்தாள். சந்துக்குள் நடந்து வரும்போது, இது என்ன கூத்து, நானாவது அந்த இடுப்பாவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சந்து முடிந்து தெருவில் கால் வைத்தாள். எதிரே இருந்த கண்ணாடியிலிருந்து மொத்த வெயிலும் அவள் முகத்தில் அறைந்தது.

கை தானாக எழுந்தது. அவள் எழுப்பவில்லை. முகத்துக்கு நேரே கையை மறைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டாள். பை மணிக்கட்டிலிருந்து உடம்போடு ஒட்டித் தொங்கிற்று.

"அக்கா!" தம்பி கத்தினான். "அசையாத. அப்படியே நில்லு. அப்படியே!"

கேமரா டக்கென்றது. அவள் கண்ணை மட்டும் திருப்பி, பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சுவரைப் பார்த்தாள். கழுத்தில் தாழ்ந்த கொண்டை. விரித்த கைகளுக்குள் சாய்ந்த தலை. தூக்கிய கையின் மணிக்கட்டில் தடிமனாக ஒரு வளையல். அவள் விரலை அசைத்தாள். சுவரில் இருந்தவளும் அசைத்தாள். அவள் பையைக் குலுக்கினாள். வளையல் குலுங்கியது. அறுந்த பிடியில் அவள் கையால் போட்ட முடிச்சு.

"அடிப் பாவி மகளே" என்றாள் சுவரைப் பார்த்து. "நீதானா!"

சந்து வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும், இரண்டும்தான். தையல்காரம்மா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை இத்தனை நாள் வறுத்தெடுத்துட்டீங்களே, அக்கா" என்றாள். "நாலு பேர் பாக்க உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடக்குறேன்டி, வா" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

"என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்!" எதிரே கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கட்டிக்கொண்டபடியே கத்தினார். "கை கடுக்குது! விடலாமா?"

"விடாதீங்க" என்றாள் பெண்டாட்டி. "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டுத்தான் நில்லுங்க. ஒரு வாரமா என் வயித்தெரிச்சலை யாரு பிடிச்சா?"

"நான் முதல்லயே சொன்னேனே, பொம்பளையை நான் பாக்கலன்னு."

"அதைத்தான் கேக்குறேன். கட்டின பொண்டாட்டி எதிரே வந்து நின்னிருக்கா. ஏன் பாக்கல?"

அந்த மனிதர் கண்ணாடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எந்தப் புருஷனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். அவள் எழுந்து தெருவைத் தாண்டிப் போய், கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அதை உள்ளே நகர்த்திச் சாத்தினார்கள். சுவரில் இருந்த கட்டம் அணைந்தது. பையிலிருந்த வெறும் ரொட்டியை அவர் அங்கேயே நின்று, தொட்டுக்கொள்ள எதுவும் கேட்காமல், முழுவதையும் தின்றார்.

சாயங்காலம் அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, தலைவாரிக்கொண்டு, "வாங்க, நூலகத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். ஒரு பக்கம் தையல்காரம்மாவின் கை, மறுபக்கம் முடிச்சுப் போட்ட பை. அவர் பின்னால் வந்தார். தம்பி பேனாவும் அட்டையுமாக வந்தான். எல்லா வினையும் அந்தப் பேரால்தான் வந்தது, மாற்றி எழுதிவிடுகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

கூடத்தில் படத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். நடுவில் ரேடியோ. புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை.

"சும்மா சொல்லுக்கா" என்றாள் கண்ணாடிக்காரம்மா. "யாருன்னு தெரிஞ்சுதா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"நான்தான்."

ரேடியோ படத்தைப் பார்த்தாள். அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "போடி இவளே. புருஷன் மானத்தைக் காப்பாத்த இப்படி ஒரு பொய்யா? இந்த இடுப்பு..."

கண்ணாடிக்காரம்மா பை தொங்கிய கையை முகத்துக்கு நேரே தூக்கினாள். தலையைச் சாய்த்தாள். கண்ணை இடுக்கினாள். கூடத்து விளக்கு வெளிச்சத்தில், படத்துக்குப் பக்கத்து வெள்ளைச் சுவரில், அதே கொண்டையும் அதே சாய்வும் அதே முடிச்சும் விழுந்தன. இடுப்பு மட்டும் அவளுடைய சொந்த இடுப்பு. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புதிதாக வந்த பெண்களில் ஒருத்தி "ஆமா, இவங்கதான்!" என்று கை தட்டினாள்.

ரேடியோவின் வாய் திறந்தது. முதல் தடவையாக எந்தச் சத்தமும் வரவில்லை.

தம்பி அட்டையை நீட்டினான். "அக்கா, பேரை என்னன்னு மாத்தட்டும்?"

அவள் கையை இறக்கினாள். படத்தில் சாய்ந்திருந்தவளை இன்னொரு தடவை, இந்தத் தடவை பொறாமை இல்லாமல், பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளைப் பிடித்திருந்தது.

"எதுக்குடா மாத்தணும்? இரண்டாம்னே இருக்கட்டும்" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "முதலும் நான்தான், ரெண்டாவதும் நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பார்வை அப்படியே படத்தில் இருந்த ஆண் நிழலுக்குப் போய், அங்கிருந்து கண்ணாடிக்காரரின் வயிற்றுக்கு வந்தது. மனிதர் கூச்சத்தில் நெளிந்து, மூச்சைப் பிடித்து, தொப்பையை முடிந்தவரை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"விடுங்க" என்றாள் பெண்டாட்டி, அவர் கையைப் பிடித்து. "மூச்சு முட்டிடப் போகுது. வீட்டுல முட்டை வேக வெச்சிருக்கேன்."